கொலுவுக்கு வந்த இரண்டு பேர்

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்பு, மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனாருக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். அவள் நன்றாகத்தான் இருந்தாள், எனக்குத்தான் பொழுது போகவில்லை. பொழுது போகாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். என் வீட்டுக்காரர் இதை ஒரு வியாதி என்பார். தி.நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை என்னாவது?

எதிர் பெஞ்சில் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், மடியில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. புடவைக்குப் பொருத்தமாக பிளவுஸ் துணி எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். மயில் நீலம், ராமர் நீலம், ஆனந்தா நீலம் என்று எத்தனை உண்டோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. அந்தக் குழந்தையின் உதட்டிலும் நகத்திலும் இருந்த நீலத்தை மட்டும் நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை.

பக்கத்தில் இன்னொரு பெண். சாதாரண காட்டன் புடவை, மடியில் ஒரு பை, பையின் மேல் இரண்டு கை. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தங்கை என்று நினைத்து ஊரைக் கேட்டேன். குழந்தையின் தாய்தான், "திருகோணமலை, அன்ரி" என்றாள். ஆன்ட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. இலங்கையில் விலைவாசி தாங்க முடியாமல், குழந்தைக்கு மருந்தும் கிடைக்காமல், புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாகப் படகில் ஏறி வந்தவர்கள். இப்போது ராமேஸ்வரம் பக்கத்தில் முகாமில் இருக்கிறார்கள். புருஷனும் இன்னொரு பிள்ளையும் அங்கேயே இருக்க, இவள் மட்டும் குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. முகாமில் பார்த்த டாக்டரும் ஒரு தொண்டு அமைப்பும் சேர்ந்து இங்கே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் இவர்கள் அனுமதியில்லாமல் வந்தவர்கள். அகதி என்றும் இன்னும் யாரும் எழுதித் தரவில்லை. அதனால் தாய் எங்கே போனாலும் போலீஸ் துணையோடுதான் போக வேண்டும். பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்தவள் அந்தப் போலீஸ். ஊர் கண்ணில் படக் கூடாதென்று மஃப்டியில் வந்த பெண் கான்ஸ்டபிள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்கு மூச்சுத் திணறியது. நர்சுகள் ஓடி வந்து ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி ஆபரேஷன் வரை அங்கேதான், காலையும் மாலையும் கொஞ்ச நேரம் போய்ப் பார்க்கலாம், கூட யாரும் தங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து லாட்ஜுகளில் கான்ஸ்டபிள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தாள். அவளுக்கு ரூம் உண்டு, கூட வந்தவளுக்கு ஆதார் இல்லையே என்று ஒரே பதில். லாட்ஜ்காரரைக் குறை சொல்லவும் முடியாது, வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்தால் அவருக்கு ஆயிரம் கேள்வி வரும்.

"எங்க வீடு மந்தைவெளியில. நடக்கற தூரம்தான். ரெண்டு பேரும் வாங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கான்ஸ்டபிள் ஓரமாகப் போய் அவளுடைய இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். திரும்பி வந்து சொன்னாள். "சரின்னுட்டாரு அக்கா. ஆனா லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லிறணுமாம். எதாச்சும் சத்தம் வந்துச்சு, போட்டோ கீட்டோன்னு வெளிய போச்சுன்னா, அந்த நிமிசமே அவுகளக் கூட்டிக்கிட்டு முகாமுக்குத் திரும்பிறணும். புள்ளைய ஆஸ்பத்திரில விட்டுப்புட்டு."

அதுதான் நிபந்தனை. ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசும் என்னிடம் வந்து சத்தம் வரக் கூடாது என்கிறார்கள்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூன்று பேரையும் பார்த்தார். ஓரமாக அழைத்து, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதே உனக்கு வேலையாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு அவரே போய் மூன்று காபி போட்டுக் கொண்டுவந்தார். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்த முடிந்த ரகசியம் இதுதான். சாயங்காலம் எல்லோருமாக ஸ்டேஷனுக்குப் போய், என் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொலு உண்டு. பொம்மைப் பெட்டிகள் அப்போது கூடத்தில்தான் கிடந்தன. காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் ஆஸ்பத்திரி, நடுவில் இருக்கும் பொழுதை எப்படித் தள்ளுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. "நான் அடுக்கட்டா அன்ரி? எங்கட பள்ளிக்கூடத்தில வாணி விழாவுக்கு நான்தான் கொலு வைக்கிறனான்" என்று கேட்டாள். ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து அவள் அடுக்கிய அழகில், என் மரப்பாச்சிகளுக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. கொலு முடியும்வரை கட்டிக்கொள் என்று என் புடவைகளில் இரண்டைக் கொடுத்தேன். பிளவுஸ்? அதை என்னிடமா கேட்பது, ஒரே நாளில் தைத்து வந்துவிட்டது.

கான்ஸ்டபிளுக்கும் ஒரு புடவை எடுத்து வைத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "டூட்டில இருக்கேன்க்கா" என்றாள். வாசல் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, அதே காட்டன் புடவையில் உட்கார்ந்துவிடுவாள். பைக்குள் யூனிபாரம், பேப்பர்கள், எல்லாம். சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்த நாற்காலியிலேயேதான். சிரிப்பும் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஒரு மத்தியானம் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, படகில் வந்த கதையை அந்தத் தாய் சொன்னாள். படகுக்காரன் இருட்டில் அவர்களை இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். விடிந்து பார்த்தால் சுற்றிலும் கடல், நடுவில் ஒரு மணல்திட்டு. நிழல் இல்லை. குழந்தை வெயிலில் நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறாள். நம் மீனவர்கள் சிலர் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் திட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டார்களாம். தண்ணீர் கேனையும் அவர்களுடைய சோற்றுத் தூக்கையும் மிதக்கவிட்டுத் தள்ளியிருக்கிறார்கள், படகில் மட்டும் ஏற்றவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு குழந்தை அப்படிக் கிடக்கும்போது ஏற்றிக்கொண்டு கரைக்கு வருவதற்கென்ன என்று கத்திவிட்டேன். வாசலிலிருந்து கான்ஸ்டபிள்தான் பதில் சொன்னாள். "ஏத்துனா போட்டைப் பிடிச்சிருவாகக்கா. ஆள் கடத்துனேன்னு கேஸ் வரும். அவுக பொழப்பே போயிரும். அதான் கோஸ்ட் கார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு நிக்கிறது."

"அவை போகேல்ல அன்ரி" என்றாள் தாய். "கோஸ்ட் கார்ட் வரும்வரைக்கும் எங்களைப் பாத்துக்கொண்டு அங்கயே நிண்டவை. தொழிலுக்குப் போகேல்ல."

தண்ணீர் கொடுத்தால் தர்மம், அதே ஆளைப் படகில் ஏற்றினால் குற்றம். இதை எழுதி வைத்தவர்கள் யாரும் அந்தத் திட்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். எல்லைக்குக் காவல் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். கடைக்கே ஷட்டர் போடுகிறவள். ஆனால் ஷட்டருக்கு வெளியே ஒருத்தி மயங்கி விழுந்தால் ஷட்டரைத் தூக்க வேண்டாமா?

ஆபரேஷனுக்கு முந்தின நாள். மாலை ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தபோது கேட்டிலேயே வாட்ச்மேன் மறித்தார். "இன்னா மேடம், உங்க வூட்ல சிலோன்காரம்மா ஒண்ணு இருந்துகினு கீதாம்? ஸ்டேஷன்லேர்ந்து வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க. செக்ரட்டரி சார் காதுக்குப் போயிருச்சு. உன்னும் செத்த நேரத்துல வந்துடுவாரு."

எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் லாரி வரவில்லையென்றால் தெருமுனை வரை ஓடுகிற மனிதர். ஆனால் அவருக்கு எதுவும் முறையாக இருக்க வேண்டும். முறையாக இல்லாதது எது கண்ணில் பட்டாலும் உடனே குடியிருப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிடுவார். அந்தக் குரூப்பில் போட்டால் அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்தால் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

சொன்ன மாதிரியே வந்தார். கொலு வைத்த வீட்டில் வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசும் வழக்கம் இல்லையே. உள்ளே உட்கார வைத்தேன். தாய் சுண்டல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூலைப் படியில் அணைந்திருந்த விளக்கை ஏற்றப் போனாள். என் புடவை, தலையில் பூ, நெற்றியில் குங்குமம். செக்ரட்டரி அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலோரம் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"பாரும்மா, உன்மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உங்க தேசத்துல கஷ்டம், வந்துட்டே. ஆனா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கோல்லியோ? போலீஸ் வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கா. போலீஸ் கண்ணுல படாம நீ இங்க உக்காந்துண்டிருந்தா, நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

நான் திருத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பு வெடித்துவிடும். அவர் விடாமல் தாயின் பக்கம் திரும்பி, "நீங்க இவாளுக்குச் சொந்தம்போல இருக்கு. கொலுவை எவ்வளவு லட்சணமா வெச்சிருக்கேள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோ" என்றார். மறுபடி கான்ஸ்டபிளிடம், "சரி, எப்போ ஊருக்குத் திரும்பறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"டூட்டி முடிஞ்சதும் போயிருவேன் சார். எனக்குப் பரமக்குடிப் பக்கம்" என்றாள் அவள். பையின் ஜிப்பைத் திறந்து காக்கிச் சட்டையைக் காட்டினாள். "போலீஸ் கண்ணுல படாம ஒண்ணும் இல்ல சார். போலீஸ் கண்ணுலயேதான் இருக்காக."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தது கூடம் வரை கேட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

சிரித்த மறு நொடியே தப்பு பண்ணிவிட்டோம் என்று புரிந்தது. செக்ரட்டரியின் முகம் சிவந்துவிட்டது. கடையில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிரிக்கப்பட்ட ஆள் அதற்குப் பிறகு நியாயம் பேச மாட்டான், சண்டைதான் போடுவான். "எல்லாருமா சேர்ந்து விளையாடறேளா?" என்று எழுந்தவர், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இப்பவே குரூப்ல போடறேன். நாலு பேர் வந்து கேக்கட்டும்."

கான்ஸ்டபிளும் எழுந்துவிட்டாள். அவளுக்கும் தெரியும், அந்த விரல் போனில் பட்டால் அவளே இந்தத் தாயை பஸ் ஏற்ற வேண்டியிருக்கும். நான் சமாதானம் சொல்ல வாய் திறப்பதற்குள் தாய் விளக்கை வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். கையைக் கூப்பவில்லை, அழவுமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் பேசினாள்.

"ஐயா, நீங்கள் தேடி வந்த ஆள் நான்தான். என்ட பிள்ளைக்கு நாளைக்கு ஒப்பரேஷன். அவள் கண் முழிக்கேக்க நான் பக்கத்தில இருக்க வேணும். அதுக்குப் பிறகு என்னை எங்க அனுப்பினாலும் போறன். அதுவரைக்கும் பொறுங்கோ."

செக்ரட்டரி அவளையே பார்த்தார். கொலுவைப் பார்த்தார். போன் கையில் இருந்தது. பிறகு யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார். சில வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஒருவன் ஏதோ மோசடி செய்துவிட்டு ஓடிப்போனான். அதற்காக இவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். "தெரிஞ்சவா எல்லாம் பார்த்துண்டே போனா. அப்போ ஒருத்தரும் எனக்காக வரலை" என்றார். அப்படி வராதவர்களில் நானும் ஒருத்தி என்பது சுளீரென்று உறைத்தது.

"ஸ்டேஷன்ல என் பேர்லதான் எழுதிக் கொடுத்திருக்கேன் சார். இந்தத் தடவை பெஞ்ச் எனக்குத்தான். நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். ஏழு என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று குரூப்பில் ஏதாவது வருகிறதா என்று போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பைப்பில் தண்ணீர் வரும் நேரம் பற்றி ஒன்று வந்தது, வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், வாசலில் மணி. கான்ஸ்டபிள்தான் திறந்தாள். செக்ரட்டரியின் மனைவி குங்குமச் சிமிழோடு நின்றிருந்தார். கொலு வைத்த வீட்டுப் பெண்கள் மற்ற வீட்டுப் பெண்களுக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வாருங்கள் என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழைத்தால் அது அந்த வீட்டு அழைப்பு, சும்மா வாய் வார்த்தை இல்லை. எனக்குக் குங்குமம் கொடுத்தார். கான்ஸ்டபிளுக்குக் கொடுத்தார். அவள் முதல்முறையாகப் பையைக் கீழே வைத்துவிட்டு இட்டுக்கொண்டாள். பிறகு தாயிடம் வந்து, "குழந்தைக்கு நல்லபடியா ஆகட்டும். ஆனப்புறம் நீ எங்காத்துக்கு அவசியம் வரணும். மாமாதான் உன்னைத் தனியாக் கூப்பிட்டுட்டு வான்னு சொல்லி அனுப்பினார்" என்றார். அதுவரை அழாதவள் அங்கேதான் அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தை கண் விழித்தபோது தாய் பக்கத்தில் இருந்தாள். என்னையும் ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள். நகத்தைப் பார்த்தேன். நல்ல இளஞ்சிவப்பு. எனக்கு அந்த நிறத்துக்குப் பெயர் சொல்லத் தோன்றவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

குழந்தை தேறிய பிறகு அவர்கள் முகாமுக்குக் கிளம்பினார்கள். ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்போது எங்கள் வீட்டுக்கும் வாருங்கள் என்று சொல்வது நமக்கெல்லாம் பழக்கம். தாய் வாசலில் நின்று அதைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். முகாமுக்குள் வெளியாள் நினைத்தபடி போக முடியாது, அதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். "நான் வரேன். எப்படியும் வரேன்" என்று நானே அவள் வாக்கியத்தை முடித்து வைத்தேன்.

அனுமதி கேட்டு எழுதினேன். காரணம் போதாது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். உறவா என்று கேட்டார்கள். இல்லை, கொலுவுக்கு வந்தவர்கள் என்று எழுதினால் எந்த அதிகாரிக்குப் புரியும்? கான்ஸ்டபிள் எப்போதாவது போன் செய்து, குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், மாடிப்படி ஏறுகிறாள் என்று சொல்வாள். லிப்டில் பார்க்கும்போதெல்லாம் செக்ரட்டரி குழந்தையைப் பற்றிக் கேட்பார், ஏதாவது சேதி சொன்னால்தான் தன் மாடிப் பட்டனை அமுக்குவார். போன மாதம் என் மூன்றாவது மனுவை அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். வங்கிக்காரர் எழுத்து, மறுக்க இடமே இல்லாத மாதிரி இருந்தது.

இன்னும் பதில் வரவில்லை. ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வர இவ்வளவு பேரைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று முன்பெல்லாம் எனக்கு ஆத்திரமாக இருக்கும். இப்போது அப்படி இல்லை, மறுக்கிறவர்களும் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள், அவர்களோடும் பேசிப் பேசித்தான் அந்தக் கேட்டைத் திறக்க வேண்டும், பேசுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.